மரத்துக்கு அந்தப் பக்கம் கேட்ட மூச்சு

நேற்றுப் பொழுது சாய்கிற நேரத்தில் பக்கத்து வீட்டுக்காரர் கொசுவை விரட்டுகிறேன் என்று பழைய சைக்கிள் டயரைக் கொளுத்திவிட்டார். புகை முழுக்க நம் வீட்டு ஜன்னலுக்குள் வந்தது. நறுக்கென்று நாலு வார்த்தை கேட்டுவிட்டு வரலாம் என்றுதான் முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு கிளம்பினேன். வாசல்வரை போனவள் அங்கேயே நின்றுவிட்டேன். மண்ணெண்ணெய் கண்ணில் படாத ஜப்பான்காரன் காலத்தில், ரப்பர் மரத்தில் காய்ந்துகிடக்கும் ஒட்டுப்பாலைத் திரட்டிக் குச்சியில் சுற்றி விளக்காக எரித்தோமே, அந்த நாற்றம் இது. காலையில் எழுந்தால் உங்கள் மூக்கு கரிபிடித்திருக்கும். நான் காட்டிக் காட்டிச் சிரிப்பேன். என் மூக்கும் அதே லட்சணத்தில்தான் இருக்கிறது என்று நீங்கள் ஒருநாளும் சொன்னதில்லை. வேலிக்கு அந்தப் பக்கமிருந்து அவர், "என்னம்மா, புகை வருதா?" என்று கேட்டார். "வரட்டும், பரவால்ல" என்றேன். நான் அப்படிச் சொன்னது அவருக்கே ஆச்சரியமாக இருந்திருக்கும்.

நீங்கள் போய் எட்டு மாதம் ஆகிறது. சிரம்பான் ரஹாங்கில் இந்த வீட்டில் இப்போது நான் மட்டும்தான். மகள் கோலாலம்பூருக்குக் கூப்பிட்டுக்கொண்டே இருக்கிறாள். அடுத்த மாதம், அடுத்த மாதம் என்று தள்ளிப்போடுகிறேன். சண்டை போட ஆள் இல்லாத வீடு எப்படி இருக்கும் என்று எனக்கு யாரும் சொல்லி வைக்கவில்லை. தோட்டத்துப் பள்ளிக்கூடத்தில் நாலாம் வகுப்புவரை படித்த தமிழ் கையில் இருக்கிறது. அதை வைத்துத்தான் உங்களுக்கு எழுதுகிறேன். எழுத்துப்பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். என் வாயையே இத்தனை வருஷம் பொறுத்தவர்தானே நீங்கள்.

நமக்குக் கல்யாணமாகி ஆறு மாதத்தில் ஜப்பான்காரன் வந்தான். சிரம்பானிலிருந்து கோலா கிளாவாங் போகிற பாதையில், மலை ஏறத் தொடங்குகிற இடத்தில் இருந்தது நம் ரப்பர் தோட்டம். வெள்ளைக்காரத் துரை ஒரே நாளில் காணாமல் போனார். அரிசி போனது, உப்பு போனது, உடுத்தத் துணி போனது. ஊரே அதைப் பற்றித்தான் புலம்பிக்கொண்டிருந்தது. நமக்கு மட்டும் வேறு யுத்தம். லயத்தில் வரிசையாக ஒட்டிக் கட்டிய வீடுகளுக்கு நடுவே பலகைச் சுவர்தானே? நாம் சண்டை போட்டால் அடுத்த வீட்டு அஞ்சலையக்கா சுவரைத் தட்டுவாள். "போதும்டி, அந்த மனுஷன் கெழங்கையாச்சும் நிம்மதியாத் திங்கட்டும்!" என்று சத்தம் போடுவாள். அவளுடைய வீட்டுக்காரர் மாணிக்கம் அண்ணன் சிரிப்பது சுவர் வழியாகக் கேட்கும். எனக்கு அவமானத்தில் இன்னும் கோபம் வரும்.

நான் கத்துவேன்; நீங்கள் வாயை மூடிக்கொள்வீர்கள். நான் கத்தியது அரை மணியில் தீர்ந்துபோகும். உங்கள் மௌனம் மூன்று நாள், நாலு நாள் நீளும். ஒருமுறை பக்கத்துத் தோட்டத்திலிருந்து நான் அரும்பாடு பட்டு வாங்கி வந்த ஒரு கை உப்பை, என்னிடம் ஒரு வார்த்தை கேட்காமல், காய்ச்சலில் கிடந்த யாருக்கோ கஞ்சியில் போடக் கொடுத்துவிட்டீர்கள். நான் கேட்டது நியாயம்தான். கேட்ட விதம்தான் லயம் முழுக்கக் கேட்டது. அதற்கு நீங்கள் ஐந்து நாள் பேசவில்லை. பால் வெட்டுகிற கத்தியை எடுத்துத் தீட்டு தீட்டு என்று தீட்டிக்கொண்டிருந்தீர்கள். இந்த மனிதரோடு ஒரு ஆயுள் எப்படிப் போகப்போகிறது என்று நான் உண்மையாகவே பயந்தது அப்போதுதான். அம்மா வீட்டுக்குப் போய்விடலாம் என்று துணியைக்கூட எடுத்துக் கட்டினேன். கட்டுவதற்கு இரண்டே சேலைதான் இருந்தது.

ஆறாம் நாள் காலையில் அது நடந்தது. நாம் பால் வெட்டுகிற மரவரிசை, இருவர் நிரையும், பக்கத்துப் பக்கத்தில்தான். கடைசி மரத்தை வெட்டி முடித்தபின், மரத்தில் கட்டிய மங்குக் கிண்ணங்களில் பால் சொட்டி நிற்கும்வரை நமக்கு வேலை இல்லை. மற்றவர்கள் அந்த நேரத்தில் வெற்றிலை போடுவார்கள், கொண்டு வந்ததைத் தின்பார்கள், ஊர்க்கதை பேசுவார்கள். நான் உங்களைத் திட்டுவேன். அன்றைக்கும் ஆரம்பித்திருந்தேன். நீங்கள் ஐந்து நாளுக்குப் பிறகு வாயைத் திறந்தீர்கள்.

"புள்ள, பால் எறங்கி முடியற வரைக்கும் ரெண்டு பேரும் சும்மா உக்காருவமா?"

"நீங்க அஞ்சு நாளா சும்மாதானே இருக்கீங்க?"

"அது கோவத்துல சும்மா இருந்தது. இது சேந்து சும்மா இருக்கறது."

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. சிரிக்கக் கூடாது என்று பல்லைக் கடித்துக்கொண்டேன். அப்போதுதான் சொன்னீர்கள், சின்னப் பிள்ளையில் நாகப்பட்டினத்திலிருந்து கப்பலில் வந்த கதையை. எல்லாரும் குடல் வெளியே வருகிற மாதிரி வாந்தி எடுக்க, நீங்கள் மட்டும் கண்ணை மூடிக்கொண்டு மூச்சை எண்ணிக்கொண்டே வந்தீர்களாம். யாரும் சொல்லிக் கொடுக்கவில்லை. வேறு வழி தெரியாமல் நீங்களாகவே கண்டுபிடித்ததாம். மூச்சு உள்ளே, வெளியே, ஒன்று. மறுபடி உள்ளே, வெளியே, இரண்டு. பத்து வந்ததும் திரும்பவும் ஒன்று. எண்ணிக்கை தவறினால் கோபப்படாமல் ஒன்றிலிருந்து தொடங்க வேண்டும், அவ்வளவுதான் என்றீர்கள். தியானம் என்ற சொல்லையே நீங்கள் சொல்லவில்லை. அந்தச் சொல்லை நான் ரொம்ப வருஷம் கழித்து ரேடியோவில் கேட்டேன்.

மரத்துக்கு இந்தப் பக்கம் நான், அந்தப் பக்கம் நீங்கள். இருவர் முதுகும் ஒரே மரத்தில். முதல் நாள் என்னால் மூன்றைத் தாண்ட முடியவில்லை. எறும்பு கடித்தது, கொசு கடித்தது, எல்லாவற்றுக்கும் மேலாக வாய் அரித்தது. "எத்தனை வந்துச்சு?" என்று உங்களைக் கேட்டேன். நீங்கள் பதில் சொல்லவில்லை. ஆனால் அந்த மௌனம் எனக்கு வலிக்கவில்லை, அதுதான் எனக்கே புதிதாக இருந்தது. இத்தனை நாளும் உங்கள் மௌனம் என் முகத்தில் அடித்துச் சாத்திய கதவு. அன்றைக்கு நாம் இருவரும் கதவுக்கு ஒரே பக்கம் இருந்தோம். பால் மங்கில் விழுகிற சத்தம் முதலில் வேகமாகக் கேட்டது, பிறகு மெதுவாக, பிறகு எப்போதாவது ஒன்று. எழுந்து வாளியை எடுத்தபோது, எதற்காகச் சண்டை ஆரம்பித்தேன் என்று நினைத்துப் பார்த்தேன். உப்பு ஞாபகம் வந்தது. கோபம் கொஞ்சம்தான் வந்தது.

அதற்குப் பிறகு தினமும் உட்கார்ந்தோம். மற்றவர்கள் கேலி செய்தார்கள். "ஜோடி சாமியாருங்க" என்று மாணிக்கம் அண்ணன் பேர் வைத்தார். வைத்தவர்தான் பின்னால் உங்களிடம் வந்து, "எனக்கும் சொல்லிக் கொடுடா" என்று கேட்டார் என்பது எனக்கு அப்போது தெரியாது. இரண்டு மூன்று மாதத்தில் எனக்கு ஒரு வழக்கம் வந்துவிட்டது. என் மூச்சை எண்ணிக்கொண்டே உங்கள் மூச்சையும் கேட்பேன். நீங்கள் பசியோடு இருந்தால் அது ஒரு மாதிரி, மனதில் எதையோ வைத்துப் புழுங்கினால் வேறு மாதிரி. வாய் திறக்காத மனிதரைப் படிக்க எனக்குக் கிடைத்த ஒரே புத்தகம் அதுதான். உங்களுக்குக் கோபம் வந்தால் அதைக் கேட்டுக்கொண்டு பேசாமல் இருக்கக் கற்றேன். எனக்கு அழுகை வந்தால் நீங்கள் மரத்தைச் சுற்றிக் கையை நீட்டக் கற்றீர்கள். நான் கத்துவது நின்றுவிடவில்லை, குறைந்தது. அஞ்சலையக்கா ஒருநாள் சுவரைத் தட்டி, "உசிரோட இருக்கீங்களா?" என்று கேட்டாள்.

அப்படி ஒரு காலையில்தான் உங்கள் மூச்சு பாதியிலேயே தடுக்கித் தடுக்கி நின்றது. ஒன்று, இரண்டு, அப்புறம் நிற்கிறது. எழுந்து சுற்றி வந்து, "என்னத்த மறைக்கிறீங்க?" என்று கேட்டேன். நீங்கள் தரையைப் பார்த்தீர்கள். சயாமில் ரயில் பாதை போட ஆள் எடுக்கிறார்கள், வீட்டுக்கு ஒரு ஆள் போயே ஆகவேண்டும் என்று கங்காணி சொல்லிவிட்டாராம். நம் வீட்டில் இரண்டு பேர்தான், செக்ரோல் பேரேட்டில் இரண்டு பேர் பெயரும் இருக்கிறது; நீங்கள் போகாவிட்டால் நான். ஆகையால் முந்தின நாளே போய் உங்கள் பெயரைக் கொடுத்துவிட்டீர்கள். "மூணு மாசந்தான் புள்ள. போயிட்டு வந்துருவோம். மாணிக்கண்ணனும் வர்றாரு" என்றீர்கள்.

நான் அன்றைக்குக் கத்தியது மலைக்கு அந்தப் பக்கம்கூடக் கேட்டிருக்கும். என்னைக் கேட்காமல் உப்பைக் கொடுத்தது போதாதா, உங்களையே கொடுத்துவிட்டீர்களே என்று அடித்துக்கொண்டு அழுதேன். நீங்கள் தடுக்கவில்லை. அழுது முடிந்தபின் சொன்னீர்கள்: "நீ இங்க உக்காரு. நான் அங்க உக்காருறேன். பால் எறங்கற நேரத்துக்கு." கடிகாரத்தை நம்ப வழியில்லை, ஜப்பான்காரன் அதை அவன் ஊர் நேரத்துக்கு மாற்றி வைத்திருந்தான். வெயில் நிரைக்குள் சாய்ந்து விழுகிற நேரம் என்று பேசிக்கொண்டோம். "அங்க வெயில் அதே மாதிரி விழுமா?" என்று கேட்டேன். "விழும். அதே சூரியன்தானே" என்றீர்கள். லாரி வந்தபோது நானும் அஞ்சலையக்காவும் தோட்டத்து நுழைவாசல்வரைதான் போனோம். அதற்கு மேல் விடவில்லை.

மூன்று மாதம் போனது. ஆறு மாதம் போனது. நான் ஒரு நாள்கூடத் தவறாமல் உட்கார்ந்தேன். பால் வெட்டுவதை நிறுத்தி, பாதி மரங்களைச் சாய்த்துக் கிழங்கு நடச் சொன்னார்கள். நம் மரத்தைத் தொடவில்லை, அது சரிவில் இருந்ததால். கிழங்குக் கொல்லையிலிருந்து ஓடிப்போய் உட்கார்ந்துவிட்டு ஓடி வருவேன். வேலை வாங்குகிற மண்டோர் ஒருமுறை பிரம்பை ஓங்கினான்; நான் பார்த்த பார்வையில் கீழே போட்டுவிட்டான். அந்த மரத்தடி இல்லாவிட்டால் நான் இருந்திருக்க மாட்டேன். அவ்வளவு தனிமை. லயத்தில் நாற்பது பேர் இருந்தார்கள். என்னோடு சேர்ந்து சும்மா இருக்க ஒருவரும் இல்லை. கிழங்கைத் தின்றுவிட்டு, சாக்கை உடுத்திக்கொண்டு, உங்கள் பாய் இருந்த இடத்தைப் பார்த்துக்கொண்டு கிடப்பேன். விடிந்தால் மரத்தடிக்குப் போகலாம் என்பதுதான் எழுந்திருக்க ஒரே காரணம்.

எந்த மாதம் என்று நினைவில்லை, ஒருநாள் உங்கள் மூச்சு கேட்டது. சத்தியமாகக் கேட்டது. மரத்துக்கு அந்தப் பக்கம், நிதானமாக, பழையபடி. மறுநாளும் கேட்டது. அதற்கு மறுநாளும். வேறு தோட்டங்களில் சயாமுக்குப் போனவர்கள் செத்துப்போனதாகச் செய்தி வந்துகொண்டிருந்தது. செய்தி வராத வீடுகளிலும் இனிமேல் வரமாட்டார்கள் என்று தாலியைக் கழற்றி, மஞ்சளை விட்டு, வெள்ளைத்துணி இல்லாததால் வெறும் சாக்கைச் சுற்றிக்கொண்டு பெண்கள் உட்கார்ந்தார்கள். கங்காணி வீட்டம்மா என்னிடமும் வந்தார். "எத்தனை நாள்தான் இப்படி இருப்ப? செய்யவேண்டியதச் செஞ்சு முடிச்சிட்டா அவரு ஆத்மாவாச்சும் நல்லபடியாப் போகும்" என்றார். "எங்க வீட்டுக்காரரு உசிரோட இருக்காரு. நான் தினமும் கேக்குறேன்" என்றேன். அவர் என்னைப் பார்த்த பார்வையில் இரக்கம் இருந்தது, பயமும் இருந்தது.

அன்று சாயந்திரம் அஞ்சலையக்கா சுவரைத் தட்டாமல் நேரே வந்து என் காலருகே உட்கார்ந்தாள். அவளுக்கு வயது முப்பதுக்கு மேல். என்னை எப்போதும் அதட்டித்தான் பேசுவாள். அன்றைக்கு என் கையைப் பிடித்துக்கொண்டு, "தாயி, ஒன் வீட்டுக்காரரு கூடத்தானே எங்க வீட்டுக்காரரும் போனாரு? அவரு இருக்காரான்னு கொஞ்சம் பாத்துச் சொல்லு" என்றாள்.

நான் என்ன செய்திருக்க வேண்டும் என்று இப்போது தெரிகிறது. எனக்குத் தெரியாது அக்கா என்று சொல்லியிருக்க வேண்டும். மறுநாள் நான் மரத்தடியில் உட்கார்ந்து மாணிக்கம் அண்ணனுக்காகக் காது கொடுத்தேன். அவருடைய சிரிப்பு நினைவுக்கு வந்தது. அதற்குப் பின்னால் ஒரு மூச்சு கேட்ட மாதிரி இருந்தது. ஓடிப்போய்ச் சொன்னேன். "ரெண்டு பேரு மூச்சும் கேக்குதுக்கா." அவள் என்னைக் கட்டிப்பிடித்துக்கொண்டு அழுதாள். அடுத்த நாள் காலையில், தேடித் தேடி ஒரு துண்டு மஞ்சள் சம்பாதித்து, உரசி முகத்தில் பூசிக்கொண்டு வேலைக்கு வந்தாள். எனக்குப் பெருமையாக இருந்தது. இதையும் உங்களிடம் ஒளிக்க மாட்டேன், பெருமையாகத்தான் இருந்தது.

நீங்கள் திரும்பி வந்தது ஜப்பான்காரன் தோற்றுப்போன பிறகு. சிரம்பான் ஸ்டேஷனிலிருந்து, சயாமில் புண் பிடித்த அந்தக் காலோடு நடந்தே வந்திருக்கிறீர்கள். நான் கொல்லையில் கிழங்கு பிடுங்கிக்கொண்டிருந்தேன். உங்களை முதலில் பார்த்தது அஞ்சலையக்கா. அவள் கண் உங்கள்மேல் நிற்கவில்லையாம், உங்களுக்குப் பின்னால் யார் வருகிறார் என்றுதான் பார்த்தாளாம். "தம்பி, அவரு?" என்று கேட்டாள். நீங்கள், "பின்னால வர்றாருக்கா" என்றீர்கள். ஏன் அப்படிச் சொன்னீர்கள் என்று நான் பிற்பாடு எத்தனையோ தடவை கேட்டிருக்கிறேன். "வாயில அதான் வந்துச்சு" என்பதைத் தவிர நீங்கள் வேறு பதில் சொன்னதில்லை. மூன்று நாள் அவள் பாதையைப் பார்த்துக்கொண்டு வாசலிலேயே இருந்தாள். அந்த மூன்று நாளும் லயத்துப் பெண்கள் என் காலைத் தொட்டுக் கும்பிட்டார்கள். "ஒக்காந்து பாத்துச் சொன்னாளே, சொன்னபடி வந்துட்டாரே" என்றார்கள்.

நாலாம் நாள் காலை உங்களை நம் மரத்தடிக்குக் கூட்டிப்போனேன். ஆசை ஆசையாகப் போனேன். பழையபடி முதுகைச் சாய்த்து உட்கார்ந்தோம். கண்ணை மூடினேன். மூச்சு கேட்டது. ஆனால் அது நான் கேட்டுக்கொண்டிருந்த மூச்சு இல்லை. குட்டையாக, அவசரமாக, உள்ளே எங்கேயோ சீட்டியடித்துக்கொண்டு வந்தது. நோயாளி மூச்சு. அதை நான் அதற்கு முன்னால் ஒருநாளும் கேட்டதில்லை. எழுந்து உங்கள் பக்கம் வந்தேன். நீங்கள் கண்ணை அகலத் திறந்து வைத்துக்கொண்டு நிரையைப் பார்த்துக்கொண்டிருந்தீர்கள்.

"அங்க ஒக்காந்தீங்களா?" என்று கேட்டேன்.

நீங்கள் கீழே கிடந்த ஒரு சருகை எடுத்துக் கிள்ளிக் கிள்ளிப் போட்டீர்கள்.

"ஒரு நாளாச்சும் ஒக்காந்தீங்களா, இல்லையா?"

"மொதல்ல ஒரு மாசம் ஒக்காந்தேன் புள்ள. அப்புறம் இல்ல."

பிறகு சொன்னீர்கள். உங்களோடு இருந்த மாணிக்கம் அண்ணனுக்கு வயிற்றுப்போக்கு வந்தது. வலி தாங்காமல் துடித்தார். அவர் கேட்டதால் மூச்சை எண்ணச் சொல்லிக் கொடுத்தீர்கள். அவர் மூங்கில் தட்டியில் சாய்ந்து, கண்ணை மூடி, அசையாமல் உட்கார்ந்துவிட்டார். முகத்தில் வலியே இல்லையாம். நீங்கள் தண்ணீர் எடுக்கப் போனீர்கள். திரும்பி வருவதற்குள் ஆட்கள் வந்து, கண்ணை மூடிக் கிடந்தவர்களோடு அவரையும் தூக்கிக்கொண்டு போயிருந்தார்கள். காட்டுக்குள், சாகக் கிடப்பவர்களைப் போடுகிற கொட்டகை அது; அங்கே கொண்டுபோய்ப் போட்டால் திரும்பி வந்தவர் யாரும் இல்லை. "உசிரு இருந்துச்சா புள்ள? போனதுக்கு அப்புறந்தான் தூக்குனாங்களா? எனக்குத் தெரியலயே" என்றீர்கள். அதற்குப் பிறகு நீங்கள் கண்ணை மூடவே பயந்தீர்கள். செத்தவன் என்று தூக்கிப்போய்விடக் கூடாதே என்று, தூங்கும்போதுகூடக் காலை ஆட்டிக்கொண்டே தூங்கினேன் என்றீர்கள்.

இது நீங்கள் போன இரண்டாம் மாதத்திலேயே நடந்தது என்றும் சொன்னீர்கள். நான் அவருடைய மூச்சு கேட்கிறது என்று சொன்னபோது அவர் செத்துப் பல மாதம் ஆகியிருந்தது.

அன்றைக்கே இருவரும் போய் அஞ்சலையக்காவிடம் சொன்னோம். வயிற்றுப்போக்கில் போய்விட்டார் என்றுதான் சொன்னீர்கள். மற்றதைச் சொல்ல உங்களுக்கு வாய் வரவில்லை, எனக்கும் வரவில்லை. அவள் அலறுவாள் என்று நினைத்தேன். அலறவில்லை. என்னைப் பார்த்தாள். "ரெண்டு வருஷமா அந்த மனுஷனுக்கு ஒரு படையல் போடல நான். அவரு பசியோட நின்னுருப்பாரு. நான் இங்க மஞ்சள் பூசிக்கிட்டுத் திரிஞ்சிருக்கேன்" என்றாள். நான் அவள் காலைப் பிடித்துக்கொண்டேன். காலை மெதுவாக இழுத்துக்கொண்டு, "இனிமே யாருக்கும் சொல்லாத தாயி" என்றாள். அதற்குமேல் திட்டவில்லை. திட்டியிருந்தால் எனக்குக் கொஞ்சம் லேசாக இருந்திருக்கும். சில மாதத்தில் கூடப்பிறந்த அண்ணன் வீட்டோடு கோலா கிளாவாங்குக்குப் போய்விட்டாள்.

அதற்குப் பிறகு நான்தான் ஊமையானேன். எத்தனை நாள் என்று எண்ணவில்லை. உங்கள்மேல் கோபம், என்மேல் அதைவிடப் பெரிய கோபம். ஒரு மாதத்துக்குமேல் நீங்கள் உட்காரவே இல்லையென்றால், நான் கேட்டது என்ன? என் ஆசையைத்தான் கேட்டிருக்கிறேன். அதை நம்பி இன்னொரு பெண்ணின் புருஷனைப் பட்டினி போட்டிருக்கிறேன். இனி அந்த மரத்தடிப் பக்கம் தலைவைத்துப் படுப்பதில்லை என்று இருந்தேன். நீங்களோ, பேசாத மனிதர், பேச ஆரம்பித்தீர்கள். அடுப்படிக்கு வந்து கிழங்கு வெந்துவிட்டதா என்பீர்கள், மழை வரும்போல இருக்கிறது என்பீர்கள். நான் பதில் சொல்ல மாட்டேன். சேர்ந்து வாழ முடியுமா என்று இரண்டாம் முறை பயந்தது அப்போது. இந்தத் தடவை கட்ட ஒரு சேலைகூட இல்லை.

ஒரு காலை நீங்கள் என் எதிரே வந்து தரையில் உட்கார்ந்தீர்கள். "கண்ணத் தொறந்துக்கிட்டே உக்காருவோம் புள்ள. எதுத்தாப்புல. மரம் வேண்டாம். இருக்கறத மட்டும் பாப்போம்" என்றீர்கள். நான் எழுந்து போகத்தான் பார்த்தேன். ஆனால் உங்கள் காலில் அந்த ஆறாத புண்ணும், கன்னம் ஒட்டிப்போன முகமும் கண்ணில் பட்டன. வந்து பத்து நாளுக்கு மேல் ஆகியும் நான் உங்களை அதுவரை சரியாகப் பார்த்தே இருக்கவில்லை. என் மனதில் இருந்த புருஷனைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். உட்கார்ந்தேன். நூறு எண்ணுவதற்குள் இருவருக்கும் அழுகை வந்துவிட்டது. மறுநாளும் உட்கார்ந்தோம்.

நாற்பது வருஷம் அப்படித்தான் உட்கார்ந்தோம். தோட்டத்தில், பிறகு ரஹாங்குக்கு வந்தபின் இந்த முன்னறையில், காலைத் தேத்தண்ணிக்கு முன்னால். சண்டை போடாத வாரம் கிடையாது. மகள் கல்யாணத்துக்கு நாம் போட்ட சண்டையைச் சம்பந்தி வீட்டார் இன்னும் பேசுகிறார்கள். ஆனால் எவ்வளவு கோபத்திலும் காலையில் எதிரெதிரே உட்காருவோம். உங்கள் முகம் கோணியிருந்தால் கோணியிருப்பது தெரியும், நானாக ஒன்றைக் கற்பனை செய்துகொள்ள வேண்டியதில்லை. நம்முடையது நல்ல குடும்பமாக நின்றதற்கு வேறு ரகசியம் எதுவும் எனக்குத் தெரியாது. வருஷத்துக்கு ஒருமுறையாவது அப்படி உட்கார்ந்திருக்கும்போது நீங்கள் கேட்பீர்கள்: "மாணிக்கண்ணனத் தூக்குனப்ப உசிரு இருந்துச்சா புள்ள?" நான் ஒவ்வொரு தடவையும், "தெரியலைங்க" என்பேன். இல்லை என்று சொல்லியிருக்கலாம். வேறு எந்தப் பெண்டாட்டியும் அதைத்தான் சொல்லியிருப்பாள். அஞ்சலையக்காவுக்குப் பிறகு, எனக்குத் தெரியாததை நான் சொல்வதில்லை என்று உங்களுக்குத் தெரியும். அதனால்தான் என்னிடம் கேட்டீர்கள் என்று நினைக்கிறேன்.

ஆஸ்பத்திரியில் அந்தக் கடைசி வாரமும் கேட்டீர்கள். குரல் எழும்பவில்லை, உதட்டைப் பார்த்துப் புரிந்துகொண்டேன். சாகப்போகிறவருக்கு ஒரு பொய் சொன்னால் என்ன என்று நினைத்தேன். "தெரியலைங்க" என்றேன். நீங்கள் தலையை ஆட்டினீர்கள். என் கையை எடுத்து உங்கள் நெஞ்சின்மேல் வைத்துக்கொண்டீர்கள். நான் செய்தது சரியா என்று எட்டு மாதமாக யோசிக்கிறேன். அந்தக் கதை தெரிந்தவர்கள் உலகத்தில் இரண்டே பேர். இருவரும் எதிரெதிரே உட்கார்ந்து ஆளுக்குக் கொஞ்சமாகச் சுமந்தோம். இப்போது அது முழுக்க என்னிடம் இருக்கிறது, கனக்கிறது.

போன வாரம் மகள் வந்திருந்தாள். காலையில் நான் முன்னறையில் கண்ணைத் திறந்துகொண்டு உட்கார்ந்திருப்பதைப் பார்த்துவிட்டு, பக்கத்தில் வந்து, "ம்மா, அப்பா இங்கதான் இருக்க மாதிரி தோணுதா? அவரு மூச்சு விடுறது எப்பவாச்சும் கேக்குதா?" என்று கேட்டாள். அவளுக்கு நான் ஆமாம் என்று சொல்லவேண்டும்போல இருந்தது. எனக்கும் சொல்லவேண்டும்போல இருந்தது. கேட்க ஆரம்பித்தால் எனக்குக் கேட்கும், அந்த வேலை எனக்கு நன்றாகத் தெரியும். ஒரு மாதம் விடாமல் கண்ணை மூடி உட்கார்ந்தால் போதும், நிதானமாக, பழையபடி, நீங்கள் வந்துவிடுவீர்கள்.

"இல்லம்மா, ஒண்ணும் கேக்கல" என்றேன். இந்த வீட்டில் இப்போது ஒரு ஆள் மூச்சு விடுகிற சத்தம்தான் கேட்கிறது. அதை எண்ணிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன்.